பிரிந்த தேதி

என் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை:
இங்கே தகவல் மட்டும். ஆலோசனை கிடையாது.
இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று
பதினோரு வருடமாகக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
அளந்துகொண்டிருக்கிறேன்.

கார்னர் புரூக்கில் பிப்ரவரி.
காகித ஆலைப் புகை வளையாமல் மேலே போகிறது.
முதலில் வந்தவர் நாயைப் பற்றிக் கேட்டார்.
சட்டத்தில் நாய் ஒரு சொத்து என்றேன்.
"அதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்,
கடித்துவிடுவாள்" என்றார்.
நாயைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடுத்தவளுக்கு ஃப்ரீசரில் கிடக்கும் மூஸ் மான் கறி.
லைசென்ஸ் கணவன் பேரில்.
சுட்டவன் அவன் தம்பி.
தோலுரித்து, அரைத்து, பொட்டலம் கட்டி
ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதியவள் இவள்.
யாருடையது?
தொண்டைவரை வந்த பதிலை விழுங்கிவிட்டு
சொத்துப் பட்டியல் படிவத்தை நீட்டினேன்.
"இதர" என்றொரு கட்டம் அதில் உண்டு.
எங்கள் மாகாணமே அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

பதினொன்றரைக்கு லியோனா பென்னி.
பூட்ஸில் ஒட்டிய பனி தரையில் உருக உருக
ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்தாள்.
கேள்விகளை மளிகைச் சாமான் போல எழுதியிருந்தாள்.

வீட்டுப் பத்திரத்தில் என் பேர் இல்லையே?
குடும்பம் நடத்திய வீடு, இருவருக்கும் சமம்.
ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்திருக்க முடியுமா?
முடியும். அடுப்பும் படுக்கையும் வேறாக இருந்தால்.
நான் மாடியில், அவர் கீழே; கெட்டில் ஒன்றுதான்.
கெட்டிலை யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஜெராட் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் வேலை.
இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே.
பதினான்கு வருடம் இப்படியே.
கூட்டிப் பார்த்தேன், பத்து வருடம் பிரிந்தே இருந்திருக்கிறோம்.
நீங்கள் கேட்பது ஒரு வருடம்தானே?"

அது கணக்கில் வராது அம்மா.
வயிற்றுப்பாட்டுக்காகப் பிரிந்தது பிரிவு ஆகாது.
இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை என்று
ஒருவராவது முடிவெடுத்த நாள் வேண்டும்.
படிவத்தில் அதற்கு எட்டுக் கட்டங்கள்:
நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு நான்கு.

சங்கிலியில் கட்டிய பேனாவை எடுத்தாள்.
எழுதவில்லை.
சீட்டைத் திருப்பினாள், பின்பக்கமும் ஒன்று இருந்தது.

"ஜனவரிப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
கீழே குழாய்கூட உறைந்துபோனது.
மேலே வா என்று நான்தான் கூப்பிட்டேன்.
இரண்டு போர்வை, ஒரு கட்டில்.
வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா?"

சேர்ந்து பார்க்கலாமென்று சேர்ந்தாலும்
மொத்தம் தொண்ணூறு நாள் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும்.
அதைச் சொன்னேன்.
குளிருக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை
என்பதையும் சொன்னேன்.
"அப்படியானால் எண்பத்தேழு மிச்சம்" என்றாள்.
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
குனிந்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

நாளை எழுதினாள். அடித்தாள்.
அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன்.
கையெழுத்துப் போட்டாள், மறுபடி எழுதினாள்,
மறுபடி அடித்தாள்.
"விமான நிலையத்தில் அவரை இறக்கிவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்த ஒரு நாள் உண்டு.
செவ்வாய்க்கிழமை. எந்த மாதம் என்றுதான்..."

புதுப் படிவம் ஒன்று கொடுத்தேன்.
வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பலாம்
என்பது தகவல்தான்.

கதவருகே போனவள் திரும்பி வந்தாள்.
சீட்டில் எழுதாத கேள்வி:
"எல்லாம் முடிந்த பிறகு
அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்
போன் யாருக்கு வரும்?"

அது நீதிமன்றத்து விஷயம் இல்லை.
அவசரத்துக்கு யாரை அழைப்பதென்று
கம்பெனியில் அவர் எழுதிக் கொடுத்த பேருக்கு வரும்.

"அதை மாற்றச் சொல்லி
நீங்கள் யாரும் கேட்க மாட்டீர்களே?"

பலகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு
மாட்டோம் என்றேன்.
சரி என்று கையுறைகளை மாட்டிக்கொண்டாள்.
அவள் நின்ற இடத்தில் தண்ணீர்.
துடைப்பத்தை எடுக்க எழுந்தேன்.
வரிசையில் இன்னும் நான்கு பேர்.